முன்ஜாமீன் வாங்கிச் சாப்பிடுகிறவர்

சாப்பிடுகிறவர்களில் பல வகை உண்டு. பசிக்காகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் அருகிக்கொண்டு வருகிறார்கள். ருசிக்காகச் சாப்பிடுகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை, அதனால் அவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. மூக்குமுட்டத் தின்றுவிட்டு அப்புறம் உட்கார்ந்து வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கலாம், அந்த வருத்தமாவது நேர்மையானது. இவர்கள் எல்லோரையும் தாண்டி ஒருவர் இருக்கிறார். அவர் சாப்பிடுவதற்கு முன்பே வருந்தி முடித்துவிடுவார். குற்றம் இன்னும் நடக்கவில்லை. ஜாமீன் பையில் இருக்கிறது. அவர்தான் முன்ஜாமீன்காரர்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். விருந்து வீட்டில் எல்லோரும் தட்டைத் தேடும்போது அவர் மட்டும் தம்ளரைத் தேடுவார். சட்டைப் பையிலிருந்தோ மனைவியின் கைப்பையிலிருந்தோ ஒரு டப்பா வெளியே வரும். அதிலிருந்து ஒரு கரண்டி பச்சைப் பொடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்குவார்; அது குளத்துப் பாசியைப்போல் சுற்றிச் சுற்றி வரும்; கண்ணை மூடி, மூக்கைச் சுளித்து, ஒரே மூச்சில் குடிப்பார். அந்தச் சுளிப்பு முக்கியம். கஷ்டப்படாமல் புண்ணியம் எப்படிச் சேரும்? பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். உள்ளே போன பொடி தன் இடத்தில் போய் நின்று, வரப்போகிற கொழுப்பையெல்லாம் வாசலிலேயே மடக்கிப் பிடித்துக் கட்டிப்போடத் தயாராக வேண்டாமா? தயாரானதும் எழுந்திருப்பார். அதன்பிறகு அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும்.

"பயப்படாதீங்க, இது எதுவும் ஒடம்புல ஒட்டாது" என்பார், மூன்றாவது தட்டை நீட்டிக்கொண்டே. பயந்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருப்பதைக் கவனித்தீர்களா? தவறு செய்தபின் பரிகாரம் தேடுகிறவன், செய்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறான். தவறுக்கு முன்பே பரிகாரத்தை முடித்துவிட்டவனுக்கோ, தவறு செய்யாமல் இருப்பதுதான் நஷ்டம். குடித்த கசப்பு வீணாகிவிடுமே!

மில்பா அல்த்தா என்கிற எரிமலையடி ஊரில் இந்த வகைக்கு ஒருவரைக் காட்டச் சொன்னால் எல்லோரும் தோன் நிக்கானோரைத்தான் காட்டுவார்கள். காட்டுவதற்கு விரல் நீட்ட வேண்டியதுகூட இல்லை; தெருவில் எந்தப் பக்கம் நின்றாலும் தெரிவார். எரிமலைச் சரிவில் அவருக்குச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் இருக்கிறது. விடியும்முன் போய் இளம் மட்டைகளை அறுத்து, முள் சீவி, அடுக்கி, லாரியில் ஏற்றிவிட்டு வருவார். நாட்டில் பாதிப் பேர் அந்த மட்டையைச் சுட்டும் வதக்கியும் சாப்பிடுகிறார்கள். அவர் மட்டும் தொட மாட்டார். மனைவி ஒதிலியா கல்லில் வாட்டி, வெங்காயமும் மிளகாயும் போட்டுத் தட்டில் வைத்தால் ஓரமாக ஒதுக்குவார். "நாள் பூரா இதோட மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தும் இதேவா?"

யாரும் வாங்காத முற்றிய மட்டைகளை ஓர் ஆலை லாரி வந்து மலிவாக அள்ளிக்கொண்டு போகும். அங்கே அவற்றைக் காயவைத்து, அரைத்து, டப்பாவில் அடைத்து, இடுப்பைச் சுற்றி அளவு நாடா கட்டிய ஒரு பெண்ணின் படத்தை மேலே ஒட்டுவார்கள். அந்த டப்பா வாரச் சந்தைக்கு வரும். தோன் நிக்கானோர் அதை வாங்குவார்.

"நம்ம தோட்டத்துல கெடக்கறதுதானேங்க இதுவும்?" என்று ஒதிலியா ஒருமுறை கேட்டாள்.

"தோட்டத்துல கெடக்கறது காய்கறி" என்றார் அவர். "இது விஞ்ஞானம்."

டப்பாவின் பின்பக்கம், எறும்பு வரிசைபோன்ற எழுத்தில், இந்த நாட்டில் இப்படி விற்கிற எல்லா டப்பாக்களிலும் இருக்கிற அந்த வாசகம் இருந்தது: இது மருந்தல்ல; இதை உட்கொள்வது, பரிந்துரைப்பவரும் உட்கொள்பவரும் ஏற்கவேண்டிய பொறுப்பு. அதற்கும் கீழே, எறும்பின் குஞ்சுபோன்ற எழுத்தில்: உணவைக் குறைத்து, நடந்தால் பலன் தரும். முன்ஜாமீன்காரர் டப்பாவின் முன்பக்கத்தை மட்டுமே படிப்பார். பின்பக்கம் பலவீனமானவர்களுக்கு.

இந்த வருடம் மட்டும் இந்தப் பொடியில் வெறும் இடுப்பளவைவிடப் பெரிய விஷயம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய நேர்த்திக்கடன்.

மகள் சித்லாலிக்கு ஆறு வயதில் குடல்வால் வெடித்துவிட்டது. பிழைப்பாளோ மாட்டாளோ என்று இருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டியிட்டு அவர் நேர்ந்துகொண்டார்: இவள் பிழைத்தால் பன்னிரண்டு வருடம் பெரிய வெள்ளியன்று ஆண்டவரோடு மலைக்கு வருகிறேன். அவள் பிழைத்தாள். ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் திருப்பாடுகளின் நாடகத்தில், சிலுவை சுமப்பவருக்கு முன்னால் ரோமானியர்களின் நூற்றுவர் தலைவனாக, சிவப்புத் துணியும் தகரத் தலைக்கவசமுமாகக் குதிரையில் வருவது தோன் நிக்கானோர்தான். முதல் வருடம் மட்டும் குதிரை கிடைக்காமல் காலால் நடந்தார். அதை அவர் ஒத்திகை என்றே நினைத்துக்கொண்டார். இது பன்னிரண்டாவது வருடம். இதோடு கடன் தீர்ந்தது. அவர் மற்ற விஷயங்களில் எப்படியோ, இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டு கிடையாது. இதை முடிக்காவிட்டால் மகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம், சொல்லிக்கொள்ளாத பயம், அவருக்குள் எப்போதும் இருந்தது.

சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, குதிரைக்காரர் அபுந்தியோ கோயில் வாசலில் அவரை மடக்கினார்.

"போன வருஷம் உங்கள எறக்கிவிட்டப்புறம் என் கனேலா ஒரு வாரம் முதுகை வளைச்சுக்கிட்டே நின்னுச்சு, தெரியுமா? புல்லுகூடத் திங்கல."

"குதிரைக்கு வயசாச்சுங்க."

"உங்களுக்கு எடை ஆச்சு. இந்த வருஷம் தொண்ணூத்தஞ்சு கிலோவுக்கு மேல இருந்தா கனேலாவத் தர மாட்டேன். குருத்து ஞாயிறு பூசை முடிஞ்சதும் மட்டைச் சந்தைத் தராசுல நிக்கணும். ஊர் முன்னாடி."

அன்றைக்கு அவர் தொண்ணூற்றொன்பது. நான்கு கிலோ. தவக்காலம் முழுக்கக் கையில் இருக்கிறது. டப்பாவும் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கவலைப்பட்டிருப்பார்கள். அவர் வீட்டுக்குப் போகும் வழியில், சோளமாவைத் தோகையில் மடித்து அவித்த தமால் இரண்டு வாங்கினார். இனிமேல் கிடைக்காதே என்று.

தவக்காலம் முன்ஜாமீன்காரர்களின் பொற்காலம். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது. கூடாதுதான். ஆகவே பாலாடைக்கட்டி அடைத்து, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் பொரித்த மிளகாய். மோலேக் குழம்பில் மிதக்கும் இறால் வடை. வெல்லப்பாகில் ஊறி, பாலாடைக்கட்டி உருகி வழியும் ரொட்டிப் பணியாரம். இறைச்சி இல்லாததால் அது விரதம். எண்ணெய் இருப்பதால் பொடிக்கு வேலையும் உண்டு. ஆண்டவருக்கும் திருப்தி, ஆலைக்காரனுக்கும் திருப்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒதிலியா வெறும் பயறுக் கஞ்சியும் வாட்டிய மட்டையும் வைத்தாள். அவர் அப்போதுதான் பொடியைக் குடித்து முடித்திருந்தார். தட்டைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"இதுல கொழுப்பே இல்லியே?"

"இல்ல. அதனாலதான் வெச்சேன்."

"அப்ப நான் குடிச்சது என்ன பண்ணும்? உள்ள போயி சும்மா நிக்குமா? கூலி குடுத்து ஆளக் கூட்டிட்டு வந்து, வேலையில்ல போடான்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அப்ப என்ன பண்ணலாம்ங்க?"

"கொஞ்சம் பன்னிக்கறி வாங்கிட்டு வரச் சொல்லு. வேலை குடுப்போம்."

சிரிக்காதீர்கள். சொன்னதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. முன்ஜாமீன்காரரிடம் தர்க்கத்துக்குக் குறைவே இல்லை. பைத்தியத்துக்கும் அவருக்கும் உள்ள ஒற்றுமை அதுதான்.

பங்குனி வெயில் ஏறியபோது ரத்த அழுத்த மாத்திரை வாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போனார். கூடவே ஒதிலியாவும் போனாள், டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு. அதை எடுத்து டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தாள்.

"டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார் தோன் நிக்கானோர். "இது கொழுப்பக் கட்டுமா, கட்டாதா? ஒரே வார்த்தை."

"கட்டும்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தேர்தலில் ஜெயித்தவனின் பார்வை.

"கொஞ்சம்" என்றார் டாக்டரம்மா.

"கொஞ்சம்னா?"

"ஞாயித்துக்கெழமை சாப்பிட்டு முடிச்சப்புறம் தட்டுல எண்ணெய் படிஞ்சிருக்குமே, அத வழிச்சுத் திங்காம விட்டுட்டீங்கன்னு வெச்சுக்குங்க. அவ்வளவு."

"ஆராய்ச்சி பண்ணிருக்காங்கன்னு போட்டிருக்கே?"

"பண்ணிருக்காங்க. சின்னச் சின்ன ஆராய்ச்சி. செலவு பண்ணுனது பல எடத்துல விக்கறவங்களே. அதுலயும் பொடி குடிக்காதவங்களவிட மூணு மாசத்துல ஒரு கிலோ, ரெண்டு கிலோ கூடக் கொறஞ்சுது, அவ்வளவுதான். அதுவும் எப்படி? எல்லாரையும் சாப்பாட்டக் கொறைக்க வெச்சு, நடக்க வெச்சு, அப்புறம் பொடியக் குடுத்தாங்க."

"ரெண்டு கிலோ கொறஞ்சுதுல்ல?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தோன் நிக்கானோர், நார்ச்சத்து நல்ல சரக்குதான், நான் இல்லேங்கல. தண்ணியில ஊதி வயித்துல கொஞ்சம் எடத்த அடைச்சுக்கும், பசி அடங்கும். அப்ப நீங்க கம்மியாத் திங்கணும். அதுதான் அதோட வித்தை. நீங்க அது அடைச்ச எடத்துக்கும் சேத்துல்ல திங்கறீங்க? இன்னொண்ணு, இந்த மாத்திரையையும் பொடியையும் ஒண்ணாப் போடாதீங்க. அது மாத்திரையவும் சேத்துக் கட்டிப்போட்டுரலாம். நடுவுல சில மணி நேரம் விடுங்க."

முன்ஜாமீன்காரரின் காது விசேஷமான உறுப்பு. பொடி கொழுப்பைப் பிடிக்கிறதோ இல்லையோ, அந்தக் காது தனக்கு வேண்டிய சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை வெளியே அனுப்பிவிடும். வாசலில் லாரியோடு நின்றிருந்த திபூர்சியோவிடம் அவர் சொன்னது இதுதான்:

"கொம்பாத்ரே, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. கட்டுதாம்! ரெண்டு கிலோ எறங்குதாம்!"

திபூர்சியோ, சித்லாலியின் ஞானத்தகப்பன். அந்த முறையில்தான் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று அழைத்துக்கொள்வது. மட்டை லாரி ஓட்டுகிறவர். அவருக்கும் வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. தோன் நிக்கானோர் அந்த வாரமே ஒரு புது டப்பா வாங்கி அவர் கையில் திணித்தார். முன்ஜாமீன்காரர் தனியாக ஜாமீன் வாங்குவதில்லை. கூட்டாளி இருந்தால்தான் தெம்பு.

ஆனால் திபூர்சியோவுக்கு ஒரு குறை உண்டு. சாலையோரம் எழுதியிருப்பதையெல்லாம் படித்து அதன்படி நடக்கிறவர். மெதுவாகப் போ என்றிருந்தால் மெதுவாகப் போவார். ஹாரன் அடிக்காதே என்றிருந்தால் எதிரே மாடு நின்றாலும் அடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் டப்பாவின் பின்பக்கத்தையும் படித்துவிட்டார். பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார். வயிறு திம்மென்று இருந்ததால் பாதித் தட்டோடு எழுந்தார். நடந்தால் பலன் என்றிருந்ததால் லாரியை மேட்டுத்தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் குழியில் சுட்ட ஆட்டுக்கறி விற்கும் கடைக்குச் சேர்ந்துதான் போவார்கள்.

"என்ன கொம்பாத்ரே, ரெண்டு தாக்கோவோட எந்திரிச்சுட்டீங்க?"

"போதும் கொம்பாத்ரே. நெறஞ்சிருச்சு."

"பொடி குடிச்சீங்கல்ல?"

"குடிச்சேன். அதனாலதான் நெறஞ்சிருச்சு."

"அட, குடிச்சும் திங்கலேன்னா எதுக்குக் குடிச்சீங்க? பாவம், ஒங்களுக்கு இத உபயோகிக்கவே தெரியல."

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் பக்கத்துத் தெருவில் கல்யாணம். மறுநாள் தராசு. ஆகவே தோன் நிக்கானோர் பொடியை இரட்டிப்பாகக் குடித்தார். இரட்டிப்புப் பொடிக்கு இரட்டிப்பு வேலை கொடுக்காமல் இருப்பது முறையா? மோலே, பன்றிக்கறி, மறுபடி மோலே. காலையில் பத்திரமாக இருக்கட்டும் என்று மேலும் ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு டோஸ்.

பூசை முடிந்ததும் குருத்தோலையும் கையுமாக ஊரே மட்டைச் சந்தையில் கூடிவிட்டது. மூட்டை நிறுக்கும் தராசு. அபுந்தியோ கைகட்டி நின்றார். கனேலா தூரத்தில் கட்டியிருந்தது. அதற்கும் இதில் அக்கறை இருந்திருக்க வேண்டும், காதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. தோன் நிக்கானோர் தொப்பியைக் கழற்றினார். பூட்ஸைக் கழற்றினார். பெல்ட், சாவிக்கொத்து, கழுத்துச் சங்கிலி. கோட்டையும் கழற்றினார்.

"மீசையவும் எடுத்துருங்க தோன் நிக்கானோர்! அதுல ரெண்டு கிலோ மோலே இருக்கு!" என்று ஒரு குரல்.

"பேசாம இருங்கடா. மனுசன் செபம் பண்றாரு."

செபம்தான் பண்ணினார். முள் ஆடி, யோசித்து, நின்றது. நூற்றொன்று.

யாரும் உடனே சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. நூற்றுவர் தலைவன் என்றால் நூறு பேருக்குத் தலைவன், நூறு கிலோவுக்கு இல்லை என்று பின்னாலிருந்து யாரோ முனகிய பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. அவர் தராசை ஒருமுறை உதைத்துப் பார்த்தார். அது நல்ல தராசு. அதில்தான் அவர் இருபது வருடமாக மட்டை நிறுத்து விற்கிறார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் அபுந்தியோ, உண்மையான வருத்தத்தோடு. "குதிரையால பேச முடியாது. அதுக்காக நான் பேச வேண்டியிருக்கு." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "வேற யாரு ஏறுறீங்க? தலைவன் இல்லாம ரோமாபுரி நடக்காது."

எல்லோரும் திபூர்சியோவைப் பார்த்தார்கள். அப்போதுதான் பல பேருக்கு அவர் வயிறு எங்கேயோ போய்விட்டது தெரிந்தது. தள்ளித் தராசில் ஏற்றினார்கள். எண்பத்தொன்பது.

"என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள்.

"கொம்பாத்ரே குடுத்த பொடிதான்" என்றார் திபூர்சியோ, நன்றியோடு. பரிந்துரைப்பவரும் உட்கொள்பவரும் ஏற்கவேண்டிய பொறுப்பு என்று டப்பாவில் எழுதியிருந்தது இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

வீட்டில் தோன் நிக்கானோர் நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் வந்து தோளைத் தொட்டாள். "அப்பா, நான் நல்லாத்தானே இருக்கேன்? விடுங்கப்பா." அவள் போனதும் அவருக்குக் கண் கலங்கியது. அப்புறம், அந்தக் கலங்கிய கண்ணிலேயே ஓர் ஒளி வந்தது. முன்ஜாமீன்காரரின் கண்ணில் ஒளி வந்தால் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

"ஒதிலியா! யோசிச்சுப் பாத்தேன். திபூர்சியோ எளைச்சது யாரால? என்னால. நான் குடுத்த பொடியால. அப்ப அவரு குதிரையில போனா அது நான் போன மாதிரிதானே? அவரு எம் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் வேற. சாமிக்குத் தெரியாதா? கணக்கு நேராயிருச்சு!"

ஒதிலியா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒங்களுக்குப் பதிலாப் பொடி பட்டினி கெடந்துச்சு. இப்ப ஒங்களுக்குப் பதிலாத் திபூர்சியோ குதிரை ஏறுவாரு. கடைசியில சாமி முன்னாடி போயி நிக்கறதுக்கு யாரையாவது பேசி வெச்சிட்டீங்களா? இல்ல, அதுக்கு மட்டும் நீங்களே போவீங்களா?"

அன்று இரவு அவர் சாப்பாட்டுக்கு முன் பொடியும் குடிக்கவில்லை, அதிகம் சாப்பிடவும் இல்லை. இதைத் திருந்தியதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவமானப்பட்டவனுக்கும் பசி குறையும்.

புதன்கிழமை திபூர்சியோ வந்து வாசலில் நின்றார், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு.

"கொம்பாத்ரே, எனக்கு லாரிதான் ஓட்டத் தெரியும். அந்தக் குதிரை என்னை ஒரு மாதிரியாப் பாக்குது. பிரேக் எங்க இருக்குன்னே தெரியல. ஒங்களுக்குத்தான் அது பழக்கம். நீங்க முன்னால கடிவாளத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தீங்கன்னா..."

"மலை வரைக்குமா?"

"மலை வரைக்கும்."

"நடந்தா?"

"நான் மேல ஒக்காந்திருப்பேன்ல. நீங்க நடந்துதான் ஆகணும்."

பெரிய வெள்ளியன்று வெயில் கொளுத்தியது. சாதாரணச் சிப்பாய்ச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். அது அவருக்கு முன்பக்கம் மூடவில்லை, ஒதிலியா இரண்டு ஊக்குகளால் ஒப்பேற்றினாள். தகரக் கவசத்தோடு மேலே திபூர்சியோ, பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாகப்போகிறவர் முகத்தோடு. கீழே கடிவாளத்தோடு தோன் நிக்கானோர். கோயிலிலிருந்து சந்தை வரை கௌரவமாக நடந்தார். சந்தையிலிருந்து கள்ளித் தோட்டங்கள் வரை வாயால் மூச்சு விட்டு நடந்தார். அதற்குமேல் எரிமலைக் கல்லும் புழுதியுமாக ஏற்றம். ஜெருசலேம் பெண்களில் ஒருத்தியாகக் கறுப்பு முக்காட்டில் வந்த சித்லாலி, அழவேண்டிய இடத்தில் சிலுவையைப் பார்த்து அழாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி மலையில் அவர் நின்றுவிட்டார். குதிரையும் நின்றது. பின்னால் ரோமாபுரியே நின்றது. சிலுவை சுமந்து வந்தவர் ஊர் பேக்கரிக்காரர். முள்முடியும் வர்ணம் பூசிய ரத்தமுமாக, தோளில் உண்மையான மரச் சிலுவையோடு அருகில் வந்தவர், தலையைக் கொஞ்சமாகச் சாய்த்து, மக்களுக்குக் கேட்காமல் கேட்டார்:

"தோன் நிக்கானோர், முடியுமா? தண்ணி கிண்ணி வேணுமா?"

"நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்றார் அவர், மூச்சு வாங்க. "நான் வந்துருவேன்."

"இல்ல, மொகம் ஒரு மாதிரி இருக்கு. வேணும்னா கொஞ்சம் இந்தச் சிலுவையில சாஞ்சுக்குங்க."

"போய்யா, எல்லாரும் பாக்கறாங்க!"

அவர் சாய்ந்துகொள்ளவில்லை. இந்தக் கதையில் அவரைப் புகழ்வதற்கு ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான். அதையும் பெரிதாக்க வேண்டாம். ஒரு மனிதர் மலை ஏறினார். உலகத்தில் பலர் ஏறுகிறார்கள். ஆனால் மீதிப் பாதி ஏற்றத்தை அவருக்காக வேறு யாரும் ஏறவில்லை.

உச்சியில் எல்லாம் முடிந்து, திபூர்சியோவை மூன்று பேர் சேர்ந்து குதிரையிலிருந்து இறக்கிய பிறகு, அவர் ஒரு கருவேல மர நிழலில் காலை நீட்டி விழுந்தார். ஒதிலியா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"கடைசி வருஷம் பாத்து இப்படி ஆயிப்போச்சு" என்றார். "குதிரையில வரேன்னு நேர்ந்துட்டு, நடந்து வந்துட்டேன். சாமி ஏத்துக்குமா?"

"குதிரையா?" ஒதிலியா ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "குதிரைன்னு எப்ப நேர்ந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரியில நான் பக்கத்துல மண்டி போட்டிருந்தேன். 'ஒன்கூட நடந்து வரேன்'னீங்க. 'பன்னெண்டு வருஷம் நடந்து வரேன்'னு அழுதீங்க. குதிரைய நீங்களா ரெண்டாவது வருஷம் சேத்துக்கிட்டீங்க. முட்டி வலிக்குதுன்னு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். நினைவு என்பது ஒரு விசித்திரமான பாத்திரம். நாம் தினமும் கழுவிக் கழுவி நமக்குப் பிடித்த வடிவத்துக்குக் கொண்டு வந்துவிடுகிறோம். ஆனால் அந்த வராந்தாவின் ஃபினாயில் வாசனை இப்போது சட்டென்று வந்தது. அழுதுகொண்டே தான் சொன்ன வார்த்தையும் வந்தது. நடந்து.

"ஏன்டி, இத்தன வருஷமாச் சொல்லல?"

"சொன்னேன். ரெண்டாவது வருஷமே சொன்னேன். சாமிக்கு நடந்தா என்ன, குதிரையில வந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்னீங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார். முதல் வருடம் நடந்தது ஒன்று. இந்த வருடம் ஒன்று. நடுவில் கனேலாவின் முதுகு.

"அப்ப ரெண்டுதான் கழிஞ்சிருக்கா?"

"ரெண்டு."

"இன்னும் பத்தா?"

"பத்து" என்றாள் ஒதிலியா. "மெதுவா நடப்போம். நானும் வரேன்."

தோன் நிக்கானோர் கீழே தெரிந்த ஊரைப் பார்த்தார்; பத்து வருடம் எவ்வளவு தூரம் என்று அளப்பதுபோல். பிறகு கையை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கினாள். இறங்கும்போது அவர் ஒருமுறைகூடக் குதிரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரை அவரைப் பார்த்தது என்று அபுந்தியோ இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். குதிரைக்காரர்கள் சொல்வதை நம்புவது உங்கள் பாடு.

நல்ல வேளை, நாமெல்லாம் அப்படியில்லை. நம் வீட்டில் பச்சைப் பொடி டப்பா எதுவும் கிடையாது. சர்க்கரை போடாத காப்பியோடு இரண்டு ஜாங்கிரி சாப்பிடுகிறவர்களை நமக்குத் தெரியும், ஆனால் அவர்கள் வேறு யாரோ. நாளைக்கு நடக்கப்போகிறோம் என்பதற்காக இன்றைக்கு மாடிக்கு லிஃப்டில் போகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. பொடியை நம்பித் தின்ற ஒருவரின் கதையை இத்தனை நேரம் பொறுமையாகப் படித்து முடித்திருக்கிறீர்களே, இதைப் படித்ததாலேயே உங்கள் உடம்புக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதுபோல லேசாக ஒரு திருப்தி தோன்றுகிறதா? தோன்றினால், இப்போது எழுந்து சமையலறைப் பக்கம் போகாதீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள்.